ஒன்ராறியோ தேர்தல் முடிவுகள் சுவர்ப்படம்: நிறம் சரி, உயரம் தவறு

பத்தாம் வகுப்பில் குடியியல் பாடம் படிக்கும் என் மகளுக்காக, ஸ்காபரோவில் பாடசாலைப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், 1867 முதல் 2025 வரையான கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் முடிவுகளை ஒரே தாளில் காட்டும் சுவர்ப்படம் ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதங்களாக அது எங்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே தொங்குகிறது. வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

தாள் தடிப்பானது, எழுத்து தெளிவானது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு நிரல் உண்டு. லிபரல் கட்சிக்குச் சிவப்பு, முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நீலம், புதிய ஜனநாயகக் கட்சிக்குச் செம்மஞ்சள். நிரல்களுக்குக் கீழே, யார் எப்போது ஆண்டார் என்பதைக் காட்டும் பட்டையொன்று ஓடுகிறது. இந்தப் படத்தின் உயிரே அந்தப் பட்டைதான். 1943 இல் ஜார்ஜ் ட்ரூ தொடங்கிய நீலம் 42 ஆண்டுகள் இடையறாமல் நீண்டு, பின்னர் 1985 இல் சிவப்பாகவும் 1990 இல் செம்மஞ்சளாகவும் 1995 இல் மீண்டும் நீலமாகவும் மாறுவதைப் பார்க்கும்போது, பாடப்புத்தகத்தில் பல பக்கங்கள் சொல்வது ஒரு பார்வையில் விளங்கிவிடுகிறது.

குறிப்பாக 1985 ஐக் கையாண்ட விதத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். அவ்வாண்டு மே 2 ஆம் திகதி நடந்த தேர்தலில் ஃப்ராங்க் மில்லரின் கன்சர்வேட்டிவ் கட்சி 52 ஆசனங்களையும், டேவிட் பீட்டர்சனின் லிபரல் கட்சி 48 ஆசனங்களையும், பொப் ரேயின் புதிய ஜனநாயகக் கட்சி 25 ஆசனங்களையும் பெற்றன. கூடுதல் ஆசனம் பெற்றவரே ஆள்வார் என்று எண்ணியிருந்த என் மகள், நிரலில் நீலம் உயர்ந்திருக்கப் பட்டை சிவப்பாவது ஏன் என்று கேட்டாள். லிபரல் கட்சியும் புதிய ஜனநாயகக் கட்சியும் செய்துகொண்ட உடன்பாட்டினால் மில்லரின் அரசு சட்டமன்றத்தில் தோற்றதையும், ஜூன் 26 அன்று பீட்டர்சன் பதவியேற்றதையும் அன்றிரவு பேசினோம். பட்டையின் நிறம் தேர்தல் நாளில் மாறாமல் அந்த ஜூன் நாளில் மாறுவது, தயாரித்தவர்களின் அக்கறைக்குச் சான்று.

ஆனால் நிரல்களின் உயரத்தை அதே அக்கறையோடு வரையவில்லை. மைக் ஹாரிஸின் கட்சி 1995 இல் 82 ஆசனங்களும் 1999 இல் 59 ஆசனங்களும் பெற்றதால், நீலம் பெரிதாகச் சரிந்ததுபோல் தெரிகிறது. உண்மையில் இரண்டு தேர்தல்களிலும் அக்கட்சியின் வாக்கு வீதம் ஏறத்தாழ 45 ஆகவே இருந்தது. சட்டமன்றமே 130 ஆசனங்களிலிருந்து 103 ஆகச் சுருக்கப்பட்டிருந்தது. மொத்த ஆசனங்களை அடிக்குறிப்பில் மட்டும் இட்டது போதாது.

இதைவிடப் பெரிய குறை, வாக்கு வீதம் எங்குமே இல்லாதது. 1990 இல் பொப் ரே 74 ஆசனங்களோடு அறுதிப் பெரும்பான்மை பெற்றது 38 வீதத்துக்கும் குறைவான வாக்குகளால்தான் என்பதைப் படம் சொல்வதில்லை. 2025 இல் லிபரல் கட்சி ஏறத்தாழ 30 வீத வாக்குகளுக்கு 14 ஆசனங்களையே பெற, 20 வீதத்தையும் எட்டாத புதிய ஜனநாயகக் கட்சி 27 ஆசனங்களோடு எதிர்க்கட்சியாகத் தொடர்ந்தது. வாக்குகள் எங்கே குவிந்தன, எங்கே சிதறின என்பதே இம்மாகாணத்தில் ஆட்சியைத் தீர்மானிக்கிறது. ஆசனங்களை மட்டும் பார்க்கும் பிள்ளை, மக்கள் முழுமனதாக ஒரு கட்சியை வெறுத்து இன்னொன்றை விரும்பினார்கள் என்றே நினைத்துக்கொள்ளும்.

2018 இன் 76 நீல ஆசனங்களுள் தமிழர்களான விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் வென்ற இரண்டும் அடக்கம் என்பதைக் கட்சிவாரியான இப்படத்தில் தேட முடியாது. அதைக் குறையாகவும் சொல்லமாட்டேன்.

குறைகள் இருந்தும் வாங்கலாம் என்பதே என் கருத்து, கையில் ஒரு பென்சிலோடு. ஒவ்வொரு நிரலுக்கும் கீழே விரலகல இடம் வெறுமையாக இருக்கிறது. மகள் 1943 இலிருந்து வாக்கு வீதங்களை அங்கே எழுதி வருகிறாள். இப்போது 1971 வரை வந்திருக்கிறாள்.