ஹோம் அசிஸ்டன்ட் மெயில்: நேரே ஜிமெயிலுக்கா, நடுவில் போஸ்ட்ஃபிக்ஸா?

வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளிலிருந்து அறிவிப்பு மெயில் அனுப்ப மூன்று வழிகள் உண்டு. ஜிமெயில் சர்வருக்கு நேரே கொடுக்கலாம். அமேசான் எஸ்இஎஸ், பிரெவோ மாதிரி மெயில் அனுப்புவதற்கென்றே இருக்கிற சேவையிடம் கொடுக்கலாம். அல்லது ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் அதே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை நிறுத்தி, அதனிடம் கொடுத்து, ஜிமெயில் வரை கொண்டுசேர்க்கும் வேலையை அதற்கே விட்டுவிடலாம். நான் சொல்வது மூன்றாவது வழி. போகாத மெயில் என்ன ஆகிறது என்று பார்த்தால் இந்த மூன்றும் ஒன்றல்ல.

வீட்டிலிருந்தே சொந்த மெயில் சர்வராக உலகத்துக்கு நேரடியாக அனுப்பும் யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் வாசலான 25ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருக்கும். திறந்திருந்தாலும் வீட்டு ஐபி முகவரிகள் பெரும்பாலும் ஸ்பாம்ஹாஸ் என்ற ஸ்பாம் தடுப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கும், ஐபியிலிருந்து உங்கள் சர்வரின் பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸும் இருக்காது. மெயில் ஸ்பாமுக்குப் போனால் அதுவே அதிர்ஷ்டம்.

நேரே ஜிமெயில் என்பது பத்து நிமிட வேலை. கூகுள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு, ஒரு செயலிக்கென்று தனியாகத் தரப்படும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஹோம் அசிஸ்டன்டின் கன்ஃபிகரேஷன் ஃபைலில் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) நோட்டிஃபை பகுதியைச் சேர்த்து, போர்ட் 587, என்க்ரிப்ஷன் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. பாஸ்வேர்டை சீக்ரெட்ஸ் ஃபைலில் வையுங்கள். வழக்கமான பாஸ்வேர்டை வைத்துச் செய்யச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் 2022 மே மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. அவுட்லுக் தனிநபர் கணக்குகளிலும் 2024 செப்டம்பரில் அந்த வழி மூடப்பட்டது. வீட்டுக்கென்று தனி ஜிமெயில் கணக்கு திறப்பது நல்லது. ஆப் பாஸ்வேர்டு கையில் இருப்பவர் அந்தக் கணக்கின் மெயில் எல்லாவற்றையும் படிக்க முடியும், அனுப்புவதோடு அது நிற்காது.

எஸ்இஎஸ் வகைச் சேவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய எஸ்இஎஸ் கணக்கு சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையில்தான் இருக்கும்: நாளுக்கு 200 மெயில், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வீட்டு அறிவிப்புக்கு அதுவே தாராளம் என்பதால் வெளியே வர விண்ணப்பிக்கத் தேவையே இல்லை. ஆனால் அனுப்புநராக ஜிமெயில் முகவரியைப் போட்டால், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சோதனை பொருந்தாது, ஸ்பாமுக்குப் போக வாய்ப்பு அதிகம். ஆகவே சொந்த டொமைன் வாங்கி, டிகேஐஎம் என்ற மெயில் கையொப்பத்துக்காக அதன் டிஎன்எஸ்ஸில் மூன்று சிநேம் பதிவுகளைச் சேர்த்து, டொமைனை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். டொமைன் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது சுமை இல்லை. பிரெவோ இலவசமாக நாளுக்கு 300 மெயில் தருகிறது. ஆனால் சென்ட்கிரிட் தன் இலவசத் திட்டத்தை 2025இல் நிறுத்தியதைப் பார்த்த பிறகு, இலவசத் திட்டத்தை நம்பி ஐந்து வருடத்துக்குக் கட்டமைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி போகாத மெயிலுக்கு வருவோம்.

ஹோம் அசிஸ்டன்ட் மெயிலைச் சேமித்து வைத்து மறுபடி அனுப்பாது. அந்த நொடியில் சர்வர் கிடைக்காவிட்டால் லாகில் ஒரு பிழை வரியை எழுதிவிட்டு விட்டுவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் தொடங்கும்போது வருகிறது. எஸ்எம்டிபி பகுதி ஏறும்போதே சர்வரைத் தொட்டுப் பார்க்கிறது. தொட முடியாவிட்டால் மெயில் அனுப்பும் அந்த நோட்டிஃபை ஆக்‌ஷனே உருவாகாது, நீங்களாக ரீஸ்டார்ட்டோ ரீலோடோ செய்யும்வரை அது இருக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் திரும்புகிறது என்று வையுங்கள். பையும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் எழுந்தாலும், ஃபைபர் இணைப்பு ஏறுவதற்குள் ஹோம் அசிஸ்டன்ட் தயாராகிவிடக்கூடும். அப்படி நடந்தால் அதைச் சரிசெய்யும்வரை எந்த மெயிலும் போகாது. டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த பிறகு லாகைத் திறந்து பார்த்தால்தான் அந்த ஆக்‌ஷனே இல்லை என்று தெரியும்.

நடுவில் போஸ்ட்ஃபிக்ஸ் இருந்தால் இந்த இரண்டு ஓட்டைகளும் அடைபடுகின்றன. ஹோம் அசிஸ்டன்ட் தேடும் சர்வர் அதே பெட்டியிலேயே இருக்கும்: முகவரி லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி), போர்ட் 25. இன்டர்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பதில் சொல்லும். வாங்கிய மெயிலை எஸ்டி கார்டில் க்யூவாக (காத்திருப்பு வரிசையாக) எழுதி வைக்கும், நடுவில் கரண்ட் போய் வந்தாலும் க்யூ அப்படியே இருக்கும். ஐந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும்.

அமைப்பது அரை மணி நேர வேலை. டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸோடு லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ் பேக்கேஜையும் நிறுவுங்கள். அதை மறந்தால் 'நோ மெக்கானிசம் அவெயிலபிள்' என்ற பிழை வரும், காரணம் புரியாமல் பாஸ்வேர்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். நிறுவும்போது, மெயிலை இன்னொரு சர்வர் வழியாக அனுப்பும் சாட்டலைட் சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரிலேஹோஸ்ட்டாக (மெயிலை வாங்கி மேலே அனுப்பும் சர்வராக) ஜிமெயில் எஸ்எம்டிபி முகவரியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பின்னால் 587 சேருங்கள். அந்த அடைப்பு இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ், மெயிலை வாங்கும் சர்வரைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடிக்கொண்டு வேறு சர்வரிடம் போய்விடும். போஸ்ட்ஃபிக்ஸுக்கான பாஸ்வேர்டு ஃபைலிலும் எழுத்துக்கு எழுத்து அதே வடிவம் இருக்க வேண்டும். அந்த ஃபைலுக்கு 600 பர்மிஷன் கொடுத்து, அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டி, டிஎல்எஸ் அளவை என்க்ரிப்ட் என்றும், கேட்கும் முகவரியை லூப்பேக் மட்டும் (அதே கணினியிலிருந்து மட்டும்) என்றும் வையுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் பக்கம் என்க்ரிப்ஷன் நன், யூசர்நேம் தேவையில்லை. ஹோம் அசிஸ்டன்ட் டாக்கர் கன்டெய்னரில் (தனித்து அடைக்கப்பட்ட சூழலில்) ஓடுகிறதென்றால் ஹோஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதன் லோக்கல்ஹோஸ்ட் வேறு.

இரண்டு இடங்களில் கை வைத்தே ஆக வேண்டும். முதலாவது, மறுமுயற்சி இடைவெளி. இயல்பாக அது 300 நொடியில் தொடங்கி 4000 நொடிவரை நீளும். அதாவது இணைப்பு வந்த பிறகும் மெயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கலாம். அதிகபட்ச இடைவெளியை 600 ஆக்கிவிடுங்கள். இரண்டாவது, சில டெபியன் பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்பும் பகுதி க்ரூட் என்ற தனி ஃபோல்டர் அடைப்புக்குள் ஓடுகிறது, டிஎன்எஸ் விவரத்தின் நகல் ஒன்று அதற்குள் இருக்கும். கரண்ட் வந்து நெட்வொர்க் ஏறும் முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் எழுந்துவிட்டால் அந்த நகல் காலியாகவே நின்றுவிடலாம். அப்போது இன்டர்நெட் ஓடும், க்யூ மட்டும் நகராது. போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் ஃபைலில் யூனிக்ஸ் வகை எஸ்எம்டிபி வரியின் ஐந்தாவது பத்தியில் உள்ள 'ஒய்' எழுத்தை 'என்' ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் தீரும்.

பராமரிப்பிலும் இதுவே மேல். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் செத்துவிடும், பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை என்ற 535 பிழை வரும். நேரடி வழியில் அந்த இடைவெளியில் வந்த மெயில்கள் தொலைந்தன. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே இந்தப் பிழையைத் தற்காலிகமானதாக எடுத்துக்கொண்டு மெயிலை வைத்திருக்கும். புது ஆப் பாஸ்வேர்டை எழுதி, போஸ்ட்மேப் ஓட்டி, போஸ்ட்க்யூ கட்டளையால் தள்ளிவிட்டால் கிடந்தவை எல்லாம் வந்து சேரும்.

தாமதமாக வரும் மெயில் என்பதால், நிகழ்வு நடந்த நேரத்தை டெம்ப்ளேட் வழியாக மெயிலுக்குள்ளேயே எழுதுங்கள். இல்லையென்றால் காலை 9:05க்குத் தொட்டி நிரம்பிய செய்தி மதியம் 2:10க்கு வந்து குழப்பும். கேமரா படம் இணைப்பவர்கள் போஸ்ட்ஃபிக்ஸின் அளவு வரம்பையும் கவனியுங்கள்: சுமார் 10 எம்பி. இணைத்த படம் மெயிலுக்கான எழுத்துக் குறியீடாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும் என்பதால் 7 எம்பிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கதவு சென்சார் பேட்டரி தீரும்போது திறந்து மூடி ஆடும். மெயிலைத் தூண்டும் ட்ரிகரில் 30 நொடி காத்திருப்பு போடாவிட்டால் ஜிமெயிலின் நாளொன்றுக்கு 500 என்ற வரம்பு ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும். க்யூ இருப்பதால் அடுத்த நாளும் அந்தக் குப்பையே வந்துகொண்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நேரடி வழி தேவலை.

க்யூ நிரம்பிக் கிடப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். டாக்கர் கன்டெய்னருக்குள் இருக்கும் ஹோம் அசிஸ்டன்டுக்குப் போஸ்ட்க்யூ கட்டளை கிடைக்காது என்பதால், வெளியே உள்ள கணினியில் (ஹோஸ்ட்டில்) குறித்த நேரத்தில் ஓடும் ஒரு க்ரான் வைத்து, க்யூவின் எண்ணிக்கையை எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை வழியாக ஹோம் அசிஸ்டன்டுக்கு அனுப்பி டாஷ்போர்டில் காட்டுங்கள். கூடவே ஞாயிறு காலை 8 மணிக்கு ஒரு சோதனை மெயில். அது வராத ஞாயிறு, பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய ஞாயிறு.

ஹோம் அசிஸ்டன்டை மட்டுமே ஓட்டும் முழு இயங்குதளமான ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் போட்டிருப்பவர்களுக்கு இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது. அதற்குள் போஸ்ட்ஃபிக்ஸை நேரடியாக நிறுவ முடியாது, எப்போதும் ஓடும் இன்னொரு லினக்ஸ் பெட்டியோ நாஸோ (வீட்டு நெட்வொர்க்கின் ஃபைல் சேமிப்புப் பெட்டி) வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெட்டியில் இருந்தால் லூப்பேக் மட்டும் என்பதை விட்டுவிட்டு, மெயில் அனுப்ப அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலான மைநெட்வொர்க்ஸில் ஹோம் அசிஸ்டன்டின் ஐபியை மட்டும் சேர்க்க வேண்டும். அப்படியொரு பெட்டி இல்லாத வீட்டில் நேரே ஜிமெயிலே போதும், ஆனால் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் பையையும் ஒன்றாக இன்வெர்ட்டர் லைனிலோ 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸிலோ போட்டுவிடுங்கள். மினி யுபிஎஸ் வாங்கும்போது பைக்கு 5 வோல்ட் வெளியீடும் இருக்கிறதா, அது தரும் ஆம்பியர் போதுமா என்று பார்த்து வாங்குங்கள்: பை 4க்கு 3 ஆம்பியர், பை 5க்கு 5 ஆம்பியர்.