நீரோ பிடில் வாசித்தானா? ரோம வரலாற்றை எதில் படிப்பது

"ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான்" என்ற வசனத்தை நம்மூர் மேடைகளில் கேட்காதவர் குறைவு. பிடில் என்ற வாத்தியமே பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. ரோம வரலாற்றுக்கு எது நல்லது என்று யாராவது கேட்டால், கி.பி. 64இல் பிடித்த அந்தத் தீயை வைத்துத்தான் நான் உரசிப் பார்ப்பேன்.

சுவாரசியத்துக்கு, சக்கரவர்த்திகளின் வாழ்க்கையை எழுதிய ரோமர் சூட்டோனியஸ். நீரோவே ஊரைக் கொளுத்தினான், கோபுரத்தில் நாடக உடையில் நின்று ட்ராய் வீழ்ந்த கதையைப் பாடினான் என்று அடித்துச் சொல்கிறார். டீக்கடை வம்பு தோற்றுப்போகும். ஆனால் தீப்பிடித்தபோது மனிதர் பிறந்திருக்கவே இல்லை.

இன்னொரு ரோம வரலாற்றாசிரியரான டாசிட்டஸ் அப்போது சிறுவன். சர்க்கஸ் மாக்ஸிமஸ் என்ற தேரோட்ட மைதானத்தின் பக்கத்துக் கடைகளில் தீ தொடங்கியது, நகரின் 14 வட்டாரங்களில் 4 மட்டுமே தப்பின, நீரோ அந்நேரம் கடலோர ஊரான ஆன்டியத்தில் இருந்தான், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான் என்கிறார். பாடினானாமே? அது வதந்தி என்கிறார். தீ வைத்தது அவன்தானா என்பதிலும் முடிவு சொல்லவில்லை. நீரோவை அவருக்குத் துளியும் பிடிக்காது, இருந்தும் இப்படி எழுதுகிறார். அதற்காகவே என் ஓட்டு அவருக்கு. என்ன, நடை கொஞ்சம் இறுக்கம். போதாததற்கு, நீரோவுக்கு முன் ஆண்ட கலிகுலாவின் ஆட்சியைச் சொல்லும் பகுதி முழுக்கத் தொலைந்துவிட்டது. அதற்கு மறுபடி சூட்டோனியஸிடம்தான் போக வேண்டும்.

முன்பின் தெரியாமல் இவர்களிடம் போனால் பெயர்களிலேயே தலை சுற்றும். அதனால் முதலில் மைக் டங்கனின் 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்' பாட்காஸ்ட். 2007 முதல் 2012 வரை வந்தது. புராணக் கதையில் தொடங்கி, மேற்கு ரோமப் பேரரசு விழுந்த கி.பி. 476 வரை வரிசையாகப் போகும். பஸ்ஸில் கேட்கலாம்.

மேரி பியர்டின் 'எஸ்பிகியூஆர்' (2015) என்ற புத்தகம் வேறு ரகம். கி.மு. 63இல் சிசரோ என்ற அரசியல்வாதியில் தொடங்கி, பின்னோக்கிப் போய், கி.பி. 212இல் நிற்கும். சக்கரவர்த்தி நல்லவனோ கெட்டவனோ, பேரரசு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடியது என்பது அவர் வாதம். நீரோ கதைக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். ஆதாரத்தைச் சந்தேகிக்கப் பழக இதுவே சிறந்தது.

ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய கிப்பன்? ஆறு தொகுதிகள். ஓய்வு பெற்றபின் பார்க்கலாம்.

சரி, பாட்காஸ்ட் நீரோவைத் தொட்டதும் நிறுத்திவிட்டு மூலத்துக்கு வாருங்கள். லாகஸ்கர்டியஸ் இணையதளத்தில் டாசிட்டஸ், சூட்டோனியஸ் இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசம். டாசிட்டஸின் 'அனல்ஸ்' 15ஆம் நூலில் 38ஆம் பகுதி. சூட்டோனியஸின் நீரோ வரலாற்றிலும் தற்செயலாக அதே 38தான்.