பாத் செட் செய்ய ஆள் கூப்பிடுகிறீர்களா? லாக் அவுட் செய்து காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்

உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ் போட்ட எட்டு கம்ப்யூட்டர்களை வைத்துச் சிறிய பயிற்சி மையம் நடத்துகிறேன். போன மாதம் ஜாவா வகுப்பு தொடங்க வேண்டியிருந்தது. ஜாவா புரோகிராம் எழுதத் தேவையான ஜேடிகேயை நிறுவி, எந்த மாணவர் லாகின் செய்தாலும் வேலை செய்யும்படி பாத் (கட்டளைகளை எந்தெந்த இடங்களில் தேட வேண்டும் என்ற பட்டியல்) செட் செய்து தர ஒரு சர்வீஸ்காரரை அழைத்தேன். மிஷினுக்கு 300, மொத்தம் 2,400 ரூபாய். ஒவ்வொன்றிலும் கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து ஜாவா வெர்ஷன் வருவதைக் காட்டினார். பணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை எட்டிலும் உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்டை அடித்தால் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கிறது. பிள்ளைகள் வாசலில் காத்திருக்கிறார்கள். மறுபடி வந்து பார்த்த சர்வீஸ்காரர், "ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு மேடம், எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணணும், மிஷினுக்கு 700" என்றார். பதற்றத்தில் சரி என்றேன். மாலைக்குள் மூன்று மிஷின்களை அழித்து ஓஎஸ்ஸை மீண்டும் நிறுவி, ஜாவா பாத்தையும் முன்போலவே செட் செய்தார். உள்ளே இருப்பதைப் பேக்கப் எடுக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2,100 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் காலை, புதிதாக நிறுவிய அந்த மூன்றும் அதேபோல் லாகின் திரையிலேயே நின்றன.

அப்போதுதான் என்னிடம் முன்பு படித்த ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். அவன் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினான். கறுப்புத் திரையில் லாகின் வந்தது, உள்ளேயும் போனது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தான். அந்தக் கட்டளை இன்ன இடத்தில் இருக்கிறது, ஆனால் அந்த இடம் பாத் என்ற சூழல் மாறியில் (புரோகிராம்களுக்காக சிஸ்டம் பெயரிட்டு வைத்திருக்கும் மதிப்பு) இல்லாததால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மிஷினே எழுதிக் காட்டியது. "டீச்சர், ஓஎஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகல. பாத்தைக் கெடுத்து வச்சிருக்காங்க" என்றான்.

நடந்தது இதுதான். சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையில் என்விரான்மென்ட் என்றொரு கோப்பு உண்டு. லாகின் ஆகும்போது சிஸ்டம் அதைப் படித்து, சூழல் மாறிகளை எல்லாப் பயனருக்கும் கொடுக்கும். அது ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் புரோகிராம்) இயக்கும் ஸ்கிரிப்ட் அல்ல. பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். சர்வீஸ்காரர் அதில் இருந்த பழைய வரியை எடுத்துவிட்டு, டாலர் குறியோடு பாத் என்று எழுதி, பின்னால் ஜாவா இருக்கும் இடத்தைச் சேர்த்திருந்தார். ஷெல்லில் எழுதினால் டாலர் குறி பழைய மதிப்பைக் கொண்டுவரும். இந்தக் கோப்பில் அது வெறும் எழுத்து. ஆகவே அடிப்படைக் கட்டளைகள் இருக்கும் இடங்கள் எல்லாம் பாத்திலிருந்து போய்விட்டன; அந்தக் கட்டளைகள் கிடைக்காமல்தான் திரை லாகினுக்கே திரும்பியது.

அவர் டெர்மினலில் காட்டியது ஏன் சரியாக வந்தது? எக்ஸ்போர்ட் என்ற கட்டளையால் அந்த ஜன்னலுக்குள் மட்டும் பாத்தை மாற்றிக் காட்டியிருக்கிறார். ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு, லாகினின்போது வாங்கிய மதிப்புகளையே வைத்திருக்கும். கோப்பில் செய்த தவறு அடுத்த லாகினில்தான் வெளியே வரும். அதனால்தான் சொல்கிறேன்: வேலை முடிந்தது என்றதும் லாக் அவுட் செய்து, வேறொரு பயனர் கணக்கிலும் லாகின் செய்து காட்டச் சொல்லுங்கள். கோப்பைத் தொடுவதற்கு முன் பழையதை ஒரு நகல் எடுத்தாரா என்றும் கேளுங்கள்.

தம்பி நானோ எடிட்டரை அதன் முழு முகவரியோடு அழைத்துப் பழைய வரியைத் திரும்ப எழுதினான். மிஷினுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜாவாவுக்கு, ஈடிசியில் உள்ள ப்ரொஃபைல் டாட் டி கோப்புறையில் டாட் எஸ்எச் என்று முடியும் தனிக் கோப்பு வைத்தான். அதை ஷெல் படிப்பதால் டாலர் குறி அங்கே வேலை செய்கிறது. ஒருவருக்கு மட்டும் வேண்டுமென்றால் அவருடைய ஹோம் கோப்புறையில் இருக்கும் டாட் ப்ரொஃபைல் போதுமாம்.

சர்வீஸ்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அப்டேட்ல வந்த பிரச்சினை மேடம்" என்றார். திருத்துவதற்கு முன் தம்பி பார்த்து வைத்திருந்தான்: ஃபார்மட் செய்யாத ஐந்திலும் அந்தக் கோப்பு கடைசியாக மாறிய தேதி, அவர் முதலில் வந்த நாள். அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். பணம் இன்னும் வரவில்லை.

பணத்தைவிட அழிந்த மூன்று மிஷின்கள்தான் எனக்கு வேதனை. ஒரு மாணவி இரண்டு மாதமாகப் பைத்தானில் எழுதிய நூலகப் புரோகிராம் அதில் ஒன்றில் இருந்தது. இப்போது வகுப்பு முடிந்த பிறகும் இருந்து, முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.