மானியம் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள்: சிங்கப்பூர் வேலை ஏஜென்சிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் சின்னதாக வேலை ஏஜென்சி நடத்துகிறவர்களும் அங்கே கணக்கு வழக்குப் பார்க்கிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "உங்க ஸ்டாஃபுக்கு டிரெயினிங், செலவெல்லாம் அரசாங்கம் தரும், நாங்க வாங்கித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பிலும் நேரிலும் வருகிற கன்சல்டன்ட்டுகளைப் பற்றியது இது. எங்கள் கம்பெனி அப்படி ஒருவரிடம் மாட்டியது. காசு போனதோடு நிற்கவில்லை. பயிற்சிகளையும் அவற்றுக்கான மானியங்களையும் கவனிக்கும் அரசாங்க அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூருக்கு, அதாவது எஸ்எஸ்ஜிக்கு, உட்கார்ந்து விளக்கம் எழுதும் நிலைக்கும் வந்தோம். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் ஆளின் பெயரையோ பயிற்சி நிலையத்தின் பெயரையோ போடவில்லை. போட்டும் பயனில்லை. பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு கம்பெனி பதிவது இவர்களுக்குப் பெரிய காரியமே இல்லை. பேச்சு மட்டும் மாறுவதில்லை.

எங்களுடையது சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மாடி அறை. மொத்தம் ஏழு பேர். அதில் ஐந்து பேர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும், இரண்டு பேர் எஸ் பாஸ் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை, உணவகம் என்று ஆள் எடுத்துக் கொடுக்கிறோம். மனிதவள அமைச்சு கேட்கும் சான்றிதழைத் தவிர எங்கள் ஆட்கள் வேறு பயிற்சி எதற்கும் போனதில்லை. வாடிக்கையாளர்களோ இப்போது கேள்வி கேட்கிறார்கள்: நேர்காணலை எப்படி நடத்தினீர்கள், எதை வைத்து இந்த ஆளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. முதலாளி பயிற்சி கொடுக்க நினைத்தது நியாயமான தேவைக்குத்தான்.

அந்த நேரத்தில்தான் அந்த ஆள் வந்தார். நல்ல தமிழ், நல்ல சட்டை, கையில் டேப்லெட். முதலாளியை "அண்ணே" என்றார், என்னை "அக்கா" என்றார். முதலில் எங்கள் திறன் மேம்பாட்டுத் தீர்வைக் கணக்கைக் கேட்டார். மத்திய சேமநிதி (மசெநி) கட்டும்போது எஸ்டிஎல் என்று ஒவ்வொரு ஊழியருக்கும் சேர்த்துக் கட்டுகிறோமே, அது. சம்பளத்தில் 0.25 விழுக்காடு, ஆளுக்கு மாதம் குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25 வெள்ளி. "அண்ணே, இத்தனை வருஷமா கட்டினது எல்லாம் உங்க பேர்ல சேர்ந்து கெடக்கு. எடுக்கலன்னா லேப்ஸ் ஆயிடும்" என்றார்.

சுத்தப் பொய். அது தீர்வை, சேமிப்பு அல்ல. எல்லா முதலாளிகளும் கட்டுகிற பணம் பொதுவான ஒரு நிதிக்குப் போகிறது, அதிலிருந்து பயிற்சிகளுக்கு ஆதரவு தருகிறார்கள். யார் பெயரிலும் தனிக்கணக்கு இல்லை, அதனால் காலாவதியாகவும் ஒன்றுமில்லை. ஆனால் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்கிற ஒருவரிடம் "உங்க பணம்" என்று சொன்னால் கேட்கத்தானே செய்வார்?

அடுத்து, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிறுவனச் சிறப்புத்தொகை 10,000 வெள்ளி எங்களுக்கு இருக்கிறது, இந்த மாதத்தோடு முடிகிறது என்றார். 2020 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த உதவி அது. உள்ளூர் ஊழியர் எண்ணிக்கை, கட்டிய தீர்வை எல்லாவற்றையும் பார்த்து அரசாங்கமே தகுதியை முடிவுசெய்து, தகுதி பெற்ற நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பியது. எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. நான் அதைச் சொன்னதற்கு, "அதெல்லாம் நாங்க பேசி வரவழைச்சிடுவோம் அக்கா" என்றார். அங்கேயே எழுந்து கதவைக் காட்டியிருக்க வேண்டிய பதில் அது. முதலாளி ஏற்கெனவே பேனாவை எடுத்துவிட்டார்.

மூன்றாவதுதான் தூண்டில். பயிற்சிக்குப் போகிற நாளுக்கு முழுச் சம்பளமும் திரும்பக் கிடைக்கும் என்றார். ஆப்சென்டீ பேரோல் என்ற உதவி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் 2022 தொடக்கத்திலிருந்து அது ஒரு மணி நேரத்துக்கு 4.50 வெள்ளிதான், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும். அதுவும் குடிமகன், நிரந்தரவாசி போன்றவர்களுக்கு மட்டும். வகுப்பில் குறைந்தது 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும், தேர்வையும் முடிக்க வேண்டும். எஸ் பாஸ் ஊழியர்களுக்கு ஒரு காசு கிடையாது. அவர் கொடுத்த விலைப்பட்டியலில் ஏழு பேருக்கும் கணக்குப் போட்டிருந்தார்.

அவருடைய கட்டணம்: முன்பணம் 1,500 வெள்ளி, அப்புறம் "வாங்கிக் கொடுத்த" மானியத்தில் 20 விழுக்காடு. முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று ஒரு வரி, பொடி எழுத்தில். எனக்கு இதில் தனிக் கடுப்பு. நாங்கள் ஒரு வெளிநாட்டு ஊழியரிடம் ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளம், அதற்குமேல் கட்டணம் வாங்க முடியாது. ஆறு மாதத்துக்குள் முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பினால் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரசீது கொடுக்காவிட்டால் தொலைந்தோம். எங்களிடம் வந்து அமர்ந்து கட்டணம் பேசியவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

இனி அந்தக் கணக்கைப் பாருங்கள். அவர் பிடித்துக் கொடுத்த இரண்டு நாள் வகுப்பு 16 மணி நேரம், முழுக் கட்டணம் ஆளுக்கு 1,000 வெள்ளி. சிறிய, நடுத்தர நிறுவனத்துக்கு 70 விழுக்காடு வரை கட்டண ஆதரவு உண்டு. அந்த 700 வெள்ளியை யாரும் எங்கேயும் போய் வாங்க வேண்டியதில்லை. பயிற்சி நிலையமே கழித்துக்கொண்டு, மீதியைத்தான் நம்மிடம் கேட்கும். ஐந்து பேருக்கு 1,500 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. ஆப்சென்டீ பேரோல் ஒருவருக்கு 72 வெள்ளி, ஐந்து பேருக்கு 360. ஆக, நாங்களே நேரில் பதிந்திருந்தால் கடைசியில் 1,140 வெள்ளியும் வரியும்தான் செலவு. அவர் அனுப்பிய பில்லில், பயிற்சி நிலையம் தானாகக் கழித்த 3,500 வெள்ளியையும் அந்த 360 வெள்ளியையும் "பெற்றுத்தந்த மானியம்" என்று கூட்டி, 20 விழுக்காடு 772 வெள்ளி. முன்பணத்தோடு 2,272 வெள்ளி. பயிற்சியைவிடப் பயிற்சிக்கு வழிகாட்டியவருக்குச் செலவு அதிகம். கல்யாணச் சாப்பாட்டைவிடப் பந்திக்குக் கூட்டிப்போனவருக்குக் கூலி அதிகமாகக் கொடுத்தது போல ஆயிற்று.

காசோடு போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஒப்பந்தம் போட்டதும் கம்பெனிகள் அரசாங்கத் தளங்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் கார்ப்பாஸ் கணக்கில் தன்னை ஒரு யூசராகச் சேர்க்கச் சொன்னார். மசெநி, வரி எதையும் தொட முடியாதபடி, பயிற்சி விண்ணப்பத்துக்கு மட்டும் முதலாளி அனுமதி கொடுக்கச் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு நான் உள்ளே போய்ப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பதிந்தவர்கள் பட்டியலில் ஆறாவதாக முதலாளியின் மனைவி பெயர் இருந்தது. அவர் கம்பெனியில் பெயரளவுக்கு இயக்குநர். சம்பளமும் இல்லை, மசெநியும் இல்லை. அவரை "ரெக்ரூட்மென்ட் கன்சல்டன்ட்" என்று போட்டு ஒரு சம்பளத்தையும் எழுதியிருந்தார். கேட்டதற்கு, "நம்பர் கூடினாத்தான் பேட்ச் ஓடும் அக்கா, சும்மா ஒரு பேர்தானே." உடனே அந்தப் பெயரை எடுக்கவைத்தோம்.

முதல் நாள் வகுப்பு நடந்தது. ஒரு பயிற்றுநர் வந்து ஸ்லைடுகளைப் படித்தார். மனிதவளத் துறைக்குப் பொதுவாகச் சொல்லும் விஷயங்கள். ஆள் எடுக்கும் வேலைக்கென்று ஒன்றும் இல்லை என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். அதைக்கூட விடுங்கள். இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு எங்கள் அலுவலகப் பெண் ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வாட்ஸ்அப் குழுவில் வருகைப் பதிவுக்கான கியூஆர் குறியீட்டின் படம். கீழே செய்தி: இன்று வகுப்பு இல்லை, ஒன்பது மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை எல்லாரும் சிங்பாஸில் (அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் தரும் மின்னடையாளம்) ஸ்கேன் செய்துவிடுங்கள், தேர்வுத்தாளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வீட்டிலேயே இருக்கலாம்.

"அக்கா, இது என் சிங்பாஸ். நான் போகாத கிளாஸுக்குப் போனேன்னு எப்படிப் போடறது?" என்று கேட்டார் அந்தப் பெண். கம்பெனியைக் காப்பாற்றியது அவர்தான். மற்ற நால்வருக்கும் அந்த நிமிஷமே சொல்லி, யாரும் ஸ்கேன் செய்யாமல் நிறுத்தினோம். செய்தியையும் படத்தையும் நேரத்தோடு எடுத்து வைத்துக்கொண்டோம்.

இதில் என்ன பெரிய குற்றம் என்று நினைக்காதீர்கள். இல்லாத வகுப்புக்கு அரசாங்கப் பணம் கேட்பது ஏமாற்றுக் குற்றம்; தண்டனைச் சட்டம் 420ஆவது பிரிவில் பத்தாண்டு வரை சிறை உண்டு. 2017இல் ஒன்பது நிறுவனங்களை வைத்துப் போலி ஆவணங்களால் ஏறக்குறைய 40 மில்லியன் வெள்ளியை எஸ்எஸ்ஜியிடமிருந்து உருவிய வழக்கு பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு பிடி இறுகிவிட்டது. விண்ணப்பத்தில் இருப்பது நம் கம்பெனியின் யுஇஎன், அதாவது பதிவு எண், உறுதிமொழியில் இருப்பது நம் பெயர். கன்சல்டன்ட் எந்தத் தாளிலும் இல்லை. அதிலும் நம் தொழிலுக்கு ஒரு கூடுதல் சிக்கல். ஏஜென்சி உரிமம் வைத்திருப்பவர் நம்பகமானவராக இருக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு பார்க்கிறது. வேறு தொழிலில் அபராதத்தோடு முடிகிற விஷயம், இங்கே உரிமத்தையே காவு வாங்கிவிடும்.

நாங்கள் அன்றைக்கே கார்ப்பாஸ் அனுமதியை ரத்துசெய்து, எஸ்எஸ்ஜிக்கு எழுதி, போலீஸ் புகாரும் கொடுத்தோம். அவருக்குத் தெரிந்ததும் குரல் மாறியது. "டிக்ளரேஷன் உங்க பேர்ல அண்ணே, மாட்டினா நீங்கதான் முதல்ல" என்றார். அதுவரை அண்ணனுக்கு உதவ வந்தவர்!

முன்பணத்துக்காகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனோம். 20,000 வெள்ளி வரைக்குமான சேவை ஒப்பந்தத் தகராறுகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், இணையத்திலேயே பதியலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். அது தனிமனிதர்களுக்கானது, கம்பெனிக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்குக்கு உதவாது. மன்றத்துக்கு அவர் வரவில்லை. உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. ஆனால் உத்தரவு வேறு, வசூல் வேறு. அவர் கொடுத்த முகவரி, ஒரே கதவில் பல கம்பெனிப் பெயர்கள் ஒட்டிய ஒரு வாடகை அலுவலகம். இன்றுவரை ஒரு வெள்ளி வரவில்லை. கம்பெனிகளின் பதிவு விவரம் இருக்கும் பிஸ்ஃபைல் என்ற அரசாங்கத் தளத்தில் யுஇஎன்னைப் போட்டுக் கம்பெனி எப்போது பதியப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். எங்களிடம் "பத்து வருஷ அனுபவம்" என்றவரின் கம்பெனிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

பயிற்சி வேண்டும் என்றால் நேர் வழி கஷ்டமே இல்லை. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பாடத்தைத் தேடுங்கள், பயிற்சி நிலையத்துக்கு நீங்களே போன் செய்து, சிறு நிறுவனத்துக்கு ஆதரவு போகக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். உள்ளூர்ப் பங்கு குறைந்தது 30 விழுக்காடு இருந்து, ஊழியர்கள் 200க்குள் இருந்தாலோ ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்குள் இருந்தாலோ நீங்கள் சிறு நிறுவனம்தான். நம்மில் யாரும் அதைத் தாண்டப் போவதில்லை. கட்டணத்தைக் கம்பெனிதான் கட்ட வேண்டும், ஊழியரிடம் வாங்கக் கூடாது. குழப்பம் இருந்தால் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் எஸ்எம்இ மையத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், காசு கேட்பதில்லை. இப்போது எங்கள் ஆட்கள் போகும் வகுப்பை இப்படித்தான் பதிந்தோம். விண்ணப்பத்துக்கு ஒரு மதிய நேரம்கூட ஆகவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், மறுபடியும் போன்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. அந்த 10,000 வெள்ளி நிறுவனச் சிறப்புத்தொகைக்குப் புது வடிவம் கொடுப்பதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்: குறைந்தது மூன்று உள்ளூர் ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு, 2026 இரண்டாம் பாதியிலிருந்து. "இப்பவே பேர் பதிஞ்சு வைங்க, புக்கிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்று ஒரு புதுக் குரல் எங்கள் அலுவலகத்துக்கே பேசியது. பதிய எதுவுமில்லை, கட்டணமும் இல்லை.

உங்களிடமும் இப்படி யாராவது வந்து, வகுப்பில்லாத நாளில் கியூஆர் படம் அனுப்பியிருந்தால், அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். தேதி, நேரம் தெரியும்படி எடுத்து வைத்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். எங்கள் புகார் எண்ணைத் தருகிறேன், அதைக் குறிப்பிட்டு நீங்களும் புகார் கொடுக்கலாம்.