பிளாஸ்டிக் கதிரை, சுழல் கதிரை, சாய்மனை: வீட்டு வேலைக்கு எது?

யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் முதுகு நோகத் தொடங்கியதும் சுழல் கதிரையின் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால் கழுத்தையும் தோளையும் கூடுதலாக வருத்துவது லப்டொப். அதில் திரையும் கீபோட்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். எந்தக் கதிரையும் இதைத் தீர்க்காது. எனவே முதற்காசைத் தனிக் கீபோட்டுக்கும் மவுஸுக்கும் போடுங்கள். லப்டொப்பைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். கதிரை அதற்குப் பிறகுதான்.

பிளாஸ்டிக் கதிரை எல்லா வீட்டிலும் உண்டு, செலவில்லை. சிக்கல் அதனோடு சேரும் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர். ஐந்தடி மூன்று அங்குலம் உயரமானவருக்குத் தட்டச்சு செய்ய 65 அளவில் இருந்தால் போதும். மிச்சத்தைத் தோள்தான் தூக்கிச் சமாளிக்கிறது. பின்னேரம் பிடரி இறுகுவது அதனால்தான். ஆகவே இருக்கையை உயர்த்துங்கள். பஞ்சுத் தலையணை சீக்கிரம் அமுங்கிவிடும், தும்பு மெத்தைத் துண்டு உயரம் குறையாமல் நிற்கும். உயர்த்தியதும் பாதம் தரையை விட்டு எழும்பி, தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்திக் கால் விறைக்கும். காலடியில் ஒரு பலகைக்கட்டை வைத்தால் அது தீரும். இருக்கை பின்பக்கம் சரிந்திருப்பதால் இடுப்பும் வளையும். துவாயை இறுக்கிச் சுருட்டி, பெல்ட் கட்டும் மட்டத்தில் முதுகுக்குப் பின்னால் செருகுங்கள். கைப்பிடிகள் மேசையில் முட்டிக் கிட்டப் போக விடாவிட்டால், கைப்பிடியில்லாத மரக்கதிரையே மேல்.

நாளுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருப்பவருக்குச் சுழல் கதிரை பெறுமதியானது, சரிசெய்தால் மட்டும். முதலில் முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். பாதம் தொங்கினால் இங்கும் பலகைக்கட்டை வேண்டும். அடுத்து, நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருக்கும்போது முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அந்தக் கதிரை உங்களுக்குப் பெரிது; கடையிலேயே இருந்து பார்த்து வாங்குங்கள். நம் வெக்கைக்கு வலைத்துணி முதுகுதான் சரி. ரெக்சின் வியர்க்க வைக்கும், நாள் போக உரியும்.

சாய்மனைக் கதிரை தொலைபேசி அழைப்புக்கும் வாசிப்புக்கும் அருமை. முதுகின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். தட்டச்சுக்கு மட்டும் வேண்டாம், நாடி நெஞ்சில் முட்டும். கட்டில் அதைவிட மோசம்: கழுத்து மடியும், மெத்தை லப்டொப்பின் காற்றுத் துளைகளை அடைத்துச் சூடேற்றும். கனடாவுக்கு வேலை செய்பவருக்கு இது இன்னும் கெடுதல். ரொறன்ரோவின் காலை 9 மணி இங்கே இரவு 7.30, அங்கே கோடையானால் 6.30. நள்ளிரவு தாண்டியும் வேலை நடக்கும் அதே கட்டிலில் படுத்தால் நித்திரை லேசில் வராது.

நின்று வேலை செய்வதையும் சிலர் விரும்புகிறார்கள். குசினி மேடை பலருக்கு உயரம் காணாது. 10 சென்ரிமீற்றர் அளவில் ஒரு பெட்டியை வைத்துக் கீபோட்டை அதன் மேல் ஏற்றினால் சரிவரும். ஆனால் நாள் முழுக்க நின்றால் குதிக்கால் நோகும். அரை மணி நேரம் நின்று, பிறகு இருப்பதே நல்லது.

எதில் இருந்தாலும் அரை மணிக்கு ஒருக்கால் எழும்புங்கள். மேசையில் பெரிய போத்தலுக்குப் பதிலாகச் சின்னக் குவளை வைத்தால் தண்ணீருக்காகவே எழும்ப வேண்டிவரும். ஃபான் காற்று நேரே முகத்தில் அடித்தால் கண் உலர்ந்து எரியும். மேசையைச் சற்று விலக்குங்கள்.

இவ்வளவும் செய்தும் நோ காலுக்கு இறங்கினாலோ, விரல்கள் விறைத்தாலோ, கதிரையை மாற்றிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் உடனேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.