சைட்டேஷன் கணக்குப் பார்க்க நான்கு கருவிகள்: உயிர்த்தொழில்நுட்ப, மருந்தியல் ஆய்வாளருக்கு எது எவ்வளவு உதவும்?

ஒரே ஆய்வாளரின் பெயரைக் கூகுள் ஸ்காலரில் தேடினால் ஒரு ஹெச்-இன்டெக்ஸ் வரும், கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸில் தேடினால் இன்னொன்று வரும். (ஒரு கட்டுரையை வேறு கட்டுரை மேற்கோள் காட்டுவது சைட்டேஷன். தலா ஐந்தோ அதற்கு மேலோ சைட்டேஷன் பெற்ற கட்டுரைகள் ஐந்து இருந்தால் ஹெச்-இன்டெக்ஸ் 5; ஆறுக்கு மேல் ஆறு இருந்தால் 6.) பெரும்பாலும் ஸ்காலர் எண்தான் பெரிதாக இருக்கும். எது சரி என்று அடித்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டும் எண்ணுவது வேறு வேறு. உயிர்த்தொழில்நுட்பத்திலும் மருந்தியலிலும் சேர்ந்து வேலை செய்பவருக்கு இந்த இடைவெளி இன்னும் கூடும். காப்புரிமை, முன்பதிப்பு (இதழில் வருமுன் வெளியிடும் வடிவம்), செய்முறைக் கட்டுரை, ரிவ்யூ எல்லாம் ஒரே பட்டியலில் வந்து குவியும். அதனால், பட்டியலைச் சுத்தம் செய்ய எது இடம் கொடுக்கிறதோ அதுவே நல்ல கருவி.

கூகுள் ஸ்காலர் புரொஃபைல் இலவசம். ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, முன்பதிப்பு என்று எதையும் விடாமல் வாரிக்கொள்ளும். அதன் பலமும் அதுதான், நோயும் அதுதான். புரொஃபைல் திறந்ததும் முதல் வேலையாகக் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். குடும்பப்பெயர் இல்லாமல் இனிஷியலோடு எழுதும் பெயர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். அடுத்து, ஒரே கட்டுரை இரண்டு பதிவுகளாக இருந்தால் இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுங்கள்.

இதைச் சின்ன வேலை என்று தள்ளிவிடக் கூடாது. ஏழு பதிவுகளுக்கு 48, 33, 19, 12, 7, 5, 3 சைட்டேஷன் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது இடத்தில் 7 இருக்கிறது, ஆறாவது இடத்தில் 5தான். ஆக, ஹெச்-இன்டெக்ஸ் 5. கடைசி 3, ஆறாவது கட்டுரையின் முன்பதிப்புக்கு வந்தது என்றால், சேர்த்ததும் 8 ஆகும். வரிசை 48, 33, 19, 12, 8, 7 என்று மாறி ஹெச்-இன்டெக்ஸ் 6 ஆகிவிடும். புதிதாக ஒருவர்கூட மேற்கோள் காட்டவில்லை! ஐ10-இன்டெக்ஸ் (பத்தோ அதற்கு மேலோ சைட்டேஷன் உள்ள கட்டுரைகளின் எண்ணிக்கை) மட்டும் அசையாமல் 4-லேயே நிற்கும்.

ஸ்காலரின் தீராத குறை, தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழிக்க வழியில்லை என்பது. எல்செவியரின் ஸ்கோபஸில் அதைக் கழிக்கலாம், சந்தா உள்ள நிறுவனத்தின் வழியாக நுழைந்தால். சந்தா இல்லாதவர்கள் ஆசிரியர் பக்கத்தையும் ஹெச்-இன்டெக்ஸையும் பார்க்கலாம், அவ்வளவுதான். இங்கே சிக்கல் நேர்மாறானது: ஒருவரே இரண்டு மூன்று ஆசிரியர் அடையாள எண்களாகச் சிதறிக் கிடப்பார். பல்கலைக்கழகத்திலிருந்து மருந்து நிறுவனத்துக்குப் போனவர்களுக்கு இது சாதாரணம். பெயரின் எல்லா வடிவங்களையும் தேடி, கிடைத்த பக்கங்களையெல்லாம் ஒன்றாகத் தேர்ந்து, இணைக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்ப வேண்டும். கையோடு, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் இணைத்துவிடுங்கள். பட்டியல் சுத்தமானால் ஸ்கோபஸ் எண்ணே மற்றவர் முன் வைக்கத் தகுந்தது.

சுத்தமான எண்ணும் துறை தெரியாமல் படித்தால் ஏமாற்றும். புரதத்தை அளக்கும் முறை பற்றி லவ்ரி குழு 1951-ல் எழுதிய கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன் உண்டு. ஹெச்-இன்டெக்ஸில் அதற்கு ஒரே ஓர் இடம்தான். மருந்தியலில் இன்னொன்று: பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபார்மகாலஜியில் எழுதுபவர்கள் ஏற்பிகளையும் மருந்துகளையும் குறிப்பிடும்போது, அதன் சுருக்க வழிகாட்டிக் கட்டுரைகளை மேற்கோள் காட்டுவது வழக்கம். அந்தக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் ஒருவர் பெயர் இருந்தால், அவற்றை ஒதுக்கிவிட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இந்த வீக்கத்தைச் சரிக்கட்ட அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்களின் ஐசைட் நல்ல துணை, அதுவும் இலவசம். மருத்துவக் கட்டுரைத் தேடுதளமான பப்மெட்டில் ஆர்கிட் எண்ணை அடித்து, அதையொட்டிச் சதுர அடைப்புக்குறிக்குள் ஏ, யு, ஐ, டி என்ற ஆங்கில எழுத்துகளைப் போட்டுத் தேடுங்கள். முடிவுகளைப் பிஎம்ஐடி (பப்மெட் கட்டுரை எண்) வடிவில் சேமித்து ஐசைட்டில் ஏற்றினால், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆர்சிஆர் மதிப்பு (துறையோடு ஒப்பிட்ட சைட்டேஷன் அளவு) வரும். அந்தக் கழகங்களின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்பு 1.0, 2 என்றால் அதைப்போல் இரு மடங்கு. கூட மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை வைத்தே துறையை வகுப்பதால், நொதி ஆய்வையும் மருந்துச் சோதனையையும் ஒரே தட்டில் வைக்காது. மருத்துவச் சோதனைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் எதை மேற்கோள் காட்டின என்றும் சொல்லும். மருந்தியலாளருக்கு இதுதான் தங்கம். பப்மெட்டில் இல்லாத பொறியியல் சார்ந்த இதழ்கள் விடுபட்டுப்போகும். ஆர்கிட் எண் குறிக்கப்படாத பழைய கட்டுரைகளையும் கையால்தான் சேர்க்க வேண்டும்.

ஆய்வாளர் யாரோடு சேர்ந்து எழுதினார் என்று வரைபடமாகப் பார்க்க லைடன் பல்கலைக்கழகத்தின் வாஸ்வியூவர் மென்பொருள். ஸ்காலரில் தெரியும் கூட்டாசிரியர் பட்டியல் அவரவர் விரும்பிச் சேர்ப்பது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்கோபஸிலிருந்து சிஎஸ்வி கோப்பை இறக்கி, வாஸ்வியூவரில் கூட்டாசிரியர், அலகு ஆசிரியர் என்று தேர்ந்தெடுங்கள். ஒரு கட்டுரையின் எடையை அதன் ஆசிரியர்களுக்குள் பகிரும் பின்னக் கணக்கைப் போடுங்கள். முழுக் கணக்கில், நூறு பேர் எழுதிய ஒரே கட்டுரை வரைபடத்தை விழுங்கிவிடும். ஆசிரியர் எண்ணிக்கை மிகுந்த கட்டுரைகளை விலக்கும் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. ஒரு பெயர் வரைபடத்தில் வரத் தேவையான குறைந்தபட்சக் கட்டுரை 5 என்று இருக்கும். ஒருவரின் பட்டியலுக்கு 2 போதும். ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்தால், எந்தப் பெயரை எதுவாக மாற்ற வேண்டும் என்று இரண்டு நெடுவரிசையில் எழுதிய உரைக்கோப்பைக் கொடுத்து ஒன்றாக்கலாம்.

பலரும் கோட்டை விடும் இடம் கடைசித் திரை. ஆய்வாளரே எல்லாக் கட்டுரையிலும் இருப்பதால் நடுவில் சூரியன்போல் நின்று எல்லாரையும் இணைத்துவிடுவார். பெயர்களைச் சரிபார்க்கும் அந்தத் திரையில் அவர் பெயருக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில பெயர்கள் இணையவில்லை, பெரிய தொகுதியை மட்டும் காட்டவா என்று கேட்கும், 'நோ' கொடுங்கள். இப்போது நொதித்தல் ஆய்வகம் தனியாக, மருந்துச் சோதனைக் குழு தனியாக, உண்மையான தீவுகள் தெரியும். இரண்டு தீவுகளுக்கு நடுவே கோடு போட்டு நிற்கும் மூன்றாவது பெயர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் முன்னாள் ஆய்வு மாணவராக இருப்பார்.