ஆலப்புழை லைட் ஹவுஸ்: ஸ்டாம்ப்ல பாத்தது, நேர்ல பாத்தது

எங்க களியக்காவிளை பக்கம் லைட் ஹவுஸ்னா முட்டமும் கோவளம் பக்கத்து விழிஞ்ஞமும்தான், ஆலப்புழைக்கு போனாலும் ஹவுஸ்போட்ல ஏறி கரிமீன் தின்னுட்டு திரும்பிருவோம், பீச்சுல சிவப்பு வெள்ளை பட்டை போட்டு ஒண்ணு நிக்கதை எவனும் கண்டுக்கிறதில்ல. மாமா ஸ்டாம்ப் சேக்குற கிறுக்கு, அவருதான் ஆல்பத்தை நீட்டி இத போயி பாத்துட்டு வாலேன்னாரு. 2012 டிசம்பர்ல தபால் துறை ரெண்டு லைட் ஹவுஸ் ஸ்டாம்ப் விட்டுருக்கு, ஒண்ணு மகாபலிபுரம் இன்னொண்ணு இது. (1985-ல லட்சத்தீவு மினிக்காய் லைட் ஹவுஸுக்கு நூறு வருஷம்னு ஒண்ணு வந்துச்சு, அதுவும் வச்சிருக்காரு, தொட விடமாட்டாரு.)

உயரம் பாத்து போனீங்கன்னா ஏமாந்துருவீங்க, 28 மீட்டர்தான், கொல்லம் தங்கசேரில உள்ளது 41 மீட்டர். ஆனா தங்கசேரி 1902, இது 1862. அப்ப வெளக்குக்கு என்ன ஊத்துனாங்கன்னு நெனக்கீங்க, தேங்காண்ணெய்! 1952 வரைக்கும் அதேதான், அதாவது சுதந்திரம் வந்த பொறவும் அஞ்சு வருஷம் கப்பலுக்கு வழி காட்டுனது நம்ம தேங்காண்ணெய், பொறவு கேஸ், கரண்டு கனெக்‌ஷன் வந்ததே 90-கள் கடைசில. அந்த காலத்து கயிறும் நல்லமொளகும் ஏத்திட்டு போக கப்பல் வரிசையா கிடந்த துறைமுகம் இது, 1762-ல தொறந்தது, கொச்சி துறைமுகம் பெருசானதும் படுத்துருச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து கல்குளம் வெளவங்கோடு தாலுகாவும் அதே திருவிதாங்கூர்தானே, பொறவு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி, அதனால என்னமோ நம்ம வீட்டு பழைய கதை கேக்குற மாதிரியே இருந்துச்சு.

மேல ஏறுறது சுத்துப்படி, பாதி வரைக்கும் பேசிக்கிட்டே ஏறலாம், கடைசில ஏணி மாதிரி செங்குத்தா வரும், இறங்குற ஆளுக்கு வழி விட்டு கம்பிய புடிச்சிட்டு நிக்கணும், முட்டுவலி உள்ள அம்மாமாரு கீழயே இருந்துக்கிடுங்க. மேல காத்து அடிக்கும் பாருங்க, தொப்பி போயிரும். ஒரு பக்கம் ஊரே தெரியாம தென்னந்தலை, மறுபக்கம் கடல், அதுல சரக்கு ஏத்துன பழைய கடல்பாலத்தோட துருப்புடிச்ச தூணு மட்டும் நிக்கி. அந்த பாலமும் 1862 தான். எனக்கு காசு இதுக்கே முதலாயிருச்சு.

கடுப்பானது வெளிய ஒரு பேன்சி கடைல. ஆலப்புழை லைட் ஹவுஸ்னு எழுதி பிரிட்ஜ்ல ஒட்டுற மேக்னெட் விக்கான், வாங்கி பாத்தா பாறை மேல நிக்குது, அது விழிஞ்ஞம்! இங்க ஏது பாறை, முழுக்க மணலு. கேட்டா ரெண்டும் சிவப்பு வெள்ளைதானே சேச்சின்னு சிரிக்கான். மாமா கைல குடுத்திருந்தா ஆல்பத்தாலேயே அடிச்சிருப்பாரு.

நாலு ஸ்டார். திங்கக்கிழமை போவாதீங்க, மத்தியானம் பூட்டி திரும்ப தொறப்பாங்க, நேரம் கேட்டுட்டு போங்க. திருவனந்தபுரத்துல ட்ரெயின் ஏறும்போது கோட்டயம் வழியா ஆலப்புழை வழியான்னு போர்ட பாருங்க, ரெண்டும் எர்ணாகுளம்தான் போவும்.